செவ்வாய்த் தோட்டத்துக்கு ஆள் தேவை

உங்களுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய் வரவேண்டியிருக்கிறது. உங்கள் ஊருக்கோ மாவட்டத்துக்கோ அல்ல. உங்களுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு, தொட்டிலில் கிடக்கும் பேத்திக்கு, தலைக்குத் தலை பத்தாயிரம் கோடி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ‘சைக்கி’ என்றொரு குறுங்கோள் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறுக்களவு சுமார் 220 கிலோமீட்டர். இரும்பும் நிக்கலும் அதில் மண்டிக் கிடக்கலாம் என்று ஒரு கணிப்பு. இன்றைய சந்தை விலையில் பெருக்கினால் ஒன்றுக்குப் பின்னால் 19 சைபர், அத்தனை டாலர். உலக ஜனத்தொகையால் வகுத்தால் ஆளுக்கு 125 கோடி டாலர். இந்த வகுத்தலை உலகப் பத்திரிகைகள் போட்டன. நம்மூர் யூடியூப் சேனல்கள் ராக்கெட் சத்தத்தோடு போட்டன. பதினைந்து லட்சத்துக்கே வங்கிக் கணக்குத் திறந்துவைத்துக் காத்திருந்த ஜனங்கள் நாம். பத்தாயிரம் கோடி என்றதும் யாருக்கும் மாரடைப்பு வராமல் போனது கடவுள் புண்ணியம்.

ஒரு சின்னச் சிக்கல். அவ்வளவு இரும்பும் பூமிக்கு வந்து இறங்கினால் இரும்பின் விலை என்ன ஆகும் என்று தெரு முக்கில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்காரரைக் கேளுங்கள். கிலோவுக்கு ஒரு பேரீச்சம்பழம்கூடத் தரமாட்டார். இன்னொரு சிக்கல், 2023 அக்டோபரில் நாசா அங்கே அனுப்பிய விண்கலம் 2029-இல் போய்ச் சேர்ந்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கும். அதனிடம் மண்வெட்டி கிடையாது. திரும்பி வரும் உத்தேசமும் கிடையாது.

மண்வெட்டியோடு போனதும் உண்டு. ‘பென்னு’ என்ற குறுங்கோளில் மண் அள்ளிக்கொண்டு 2023 செப்டம்பரில் ஒரு பெட்டி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. பெட்டியை மூடியிருந்த 35 மறைகளில் இரண்டு கழலவில்லை. அந்த இரண்டைக் கழற்றத் தனியாகக் கருவி செய்தார்கள்; மூடி திறக்க மறு ஆண்டு ஜனவரி ஆகிவிட்டது. உள்ளே இருந்த மொத்தச் சரக்கு 121.6 கிராம். நம் கணக்கில் பதினைந்து பவுன். திட்டச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். ஆகப் பவுன் ஒன்று ஐந்நூறு கோடி ரூபாய்க்குக் குறையாது. அறிவியலுக்கு அந்த மண் தங்கத்தைவிடப் பெரிது, அதில் எனக்குத் தகராறு இல்லை. அந்த விஞ்ஞானிகள் யாருக்கும் பத்தாயிரம் கோடி தருவதாகச் சொல்லவும் இல்லை. சொன்னவர்கள் வேறு ஆட்கள். 2012-இல் ‘பிளானட்டரி ரிசோர்சஸ்’ என்ற நிறுவனம், கூகுள் முதலாளிகளின் பணத்தையும் ஹாலிவுட் இயக்குநர் ஒருவரின் ஆலோசனையையும் வைத்துக்கொண்டு, குறுங்கோள்களைத் தோண்டி உலகத்தைச் செழிக்கவைக்கப் போவதாக மேடை போட்டு அறிவித்தது. லக்சம்பர்க் அரசு தன் மக்கள் பணத்தில் 1.2 கோடி யூரோ கொடுத்துப் பங்கு வாங்கியது. 2018-இல் கடை ஒரு பிளாக்செயின் கம்பெனியின் கைக்குப் போனது. லக்சம்பர்க்கின் பணம் போனது போனதுதான். குறுங்கோள்கள் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன.

இந்தப் பேச்சு தமிழனுக்குப் புதிதா என்ன? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தானே நம் ஆட்களை இலங்கையின் கண்டிக்கு அழைத்துப்போனார்கள்! திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று பஞ்சம் அடித்த ஊர்தோறும் கங்காணி வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு மலையகத்தில் இன்றும் பாட்டிமார் வாயில் இருக்கிறது. வாயால் சொன்னது தேங்காயும் மாசிக் கருவாடும். தாளில் எழுதியது கடன். வழிச்செலவு கடன், கம்பளி கடன், போய்ச் சேர்ந்ததும் கொடுத்த அரிசி கடன். அந்தக் கடனை ஒரு தாளில் எழுதி அதற்குத் ‘துண்டு’ என்று பேர் வைத்தார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்துத் துரை துண்டில் உள்ள கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். கடன் ஆளோடு கூடவே போகும். சொல்லாமல் ஓடினால் பிடித்துச் சிறையில் போட 1865-லேயே சட்டம் எழுதிவைத்திருந்தார்கள்.

இப்போது 2020 ஜனவரிக்கு வாருங்கள். எலான் மஸ்க் ட்விட்டரில் உட்கார்ந்து செவ்வாய்க்கு ஆள் எடுக்கிறார். 2050-க்குள் பத்து லட்சம் பேரைக் குடியேற்றுவாராம். டிக்கெட் ஐந்து லட்சம் டாலருக்குள் அடங்கும் என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியாயிற்று. காசு இல்லாதவர்கள் என்ன செய்வது? கடன் தரப்படும். கடனை எப்படி அடைப்பது? செவ்வாயில் வேலை நிறைய இருக்கிறது. இந்த மூன்று பதிலையும் அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். படித்த கூட்டம் இதயக் குறி போட்டது. மலையகத்தில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் நின்ற எந்தக் கிழவியிடம் அதைப் படித்துக் காட்டியிருந்தாலும், முதல் வரியிலேயே பெரிய கங்காணி யாரென்று கேட்டிருப்பாள்.

ஐந்து லட்சம் டாலர் என்றால் நான்கு கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டிக்கு வைத்தாலும் வட்டி மட்டும் ஆண்டுக்கு நாற்பது லட்சம். சம்பளம் கொடுப்பது யார்? கம்பெனி. தங்கும் லயம் யாருடையது? கம்பெனியுடையது. சோறு, தண்ணீர்? அதுவும் கம்பெனி. கண்டியில் துரையால் பிடித்துவைக்க முடியாத ஒன்று இருந்தது, காற்று. செவ்வாயில் அந்தக் குறையும் இல்லை. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. இருப்பதிலும் 95 சதவீதம் கரியமில வாயு. மூச்சு விடுவதற்கும் மாதாந்திரப் பிடித்தம் போடலாம். வேலைநிறுத்தம் என்று உட்கார்ந்தால் போலீஸ் வேண்டாம், தடியடி வேண்டாம். ஒரு குழாயைத் திருகினால் போதும். ஓடிப்போகலாம் என்றாலோ 26 மாதத்துக்கு ஒரு முறைதான் பஸ். தோண்டிப் பார்க்கலாமே என்று தோண்டினால் தேங்காய் இல்லை, மாசி இல்லை, பெர்குளோரேட் இருக்கிறது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு அது.

ஒரு விஷயத்தில் மட்டும் மஸ்க் கங்காணியைவிட யோக்கியர். போகிறவர்களில் ஆரம்பத்தில் கொஞ்சம் பேர் சாகக்கூடும் என்று 2021-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுக்குள் நடந்தவர்கள் வழியெல்லாம் காலராவில் செத்து விழுந்ததைக் கங்காணி திண்ணையில் சொல்லவில்லை. சொன்னால் ஆள் வராது. இவர் சொன்னார், ஆள் வருவதாகச் சொல்கிறது. கல்வி வளர்ந்திருக்கிறது.

சட்டம்? அதையும் முன்கூட்டியே எழுதியாயிற்று. மஸ்க்கின் ஸ்டார்லிங்க் இணைய இணைப்புக்கு 2020-இல் வந்த ஒப்பந்த நிபந்தனைகளில், நாம் யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிவிடும் அந்த நீளக் காகிதத்தில், ஒரு பத்தி உண்டு: செவ்வாய் சுதந்திரக் கிரகம், பூமியில் உள்ள எந்த அரசுக்கும் அங்கே அதிகாரம் இல்லை. இன்டர்நெட் கேட்டவனிடம் ஒரு கிரகத்தையே எழுதி வாங்கிய வித்தையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். அது பாவம், திவானி உரிமைக்கு முகலாயப் பாதுஷாவிடம் போய் நின்றது. ஒத்திகையும் பூமியிலேயே நடக்கிறது. டெக்சஸ் கடற்கரையில் மஸ்க்கின் கம்பெனி ராக்கெட் ஏவும் இடத்தை ‘ஸ்டார்பேஸ்’ என்று தனி நகரமாக்க 2025 மே மாதம் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆதரவு 212, எதிர்ப்பு 6. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனிச் சம்பளக்காரர்கள் அல்லது அவர்கள் குடும்பத்தார். மேயராகப் போட்டியில்லாமல் வந்தவர் கம்பெனி உயரதிகாரி. அந்த ஆறு பேர் இன்னும் அங்கே குடியிருக்கிறார்களா என்று பார்த்துவர யாராவது போனால் தேவலை. 2023 ஏப்ரலில் அங்கிருந்து ராக்கெட் கிளம்பியபோது ஏவுதளத்துக் கான்கிரீட்டே பெயர்ந்து பறந்தது. சில மைல் தள்ளியிருந்த போர்ட் இசபெல் ஊரில் வீட்டுக் கூரைகளிலும் கார்களிலும் புழுதி வந்து படிந்தது. விண்வெளியால் பூமிக்கு வந்த நேரடி வரவு என்று ஒரு கணக்குப் புத்தகம் போட்டால் அந்தப் புழுதியை முதல் வரியில் எழுதலாம்.

இன்னொரு துரை இருக்கிறார். அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸின் திட்டம் இன்னும் நாகரிகமானது. புகை கக்கும் ஆலைகளையெல்லாம் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, பூமியைக் குடியிருப்புப் பகுதியாக, பூங்காவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். மேலே சுழலும் உருளைகளில் லட்சம் கோடி மனிதர் வாழ்ந்தால் அவர்களில் ஆயிரம் மொசார்ட்டும் ஆயிரம் ஐன்ஸ்டீனும் பிறப்பார்களாம். 2019-இல் வாஷிங்டனில் படம் போட்டுக் காட்டினார், பச்சைப்பசேலென்று இருந்தது. ஆலை மேலே, பூங்கா கீழே என்றால் ஷிப்டுக்கு மேலே போவது யார், பூங்காவில் காலாறுவது யார் என்பதைப் படத்தில் காட்டவில்லை. இன்றைக்கு இருக்கும் எண்ணூறு கோடிப் பேரில் எத்தனை ஐன்ஸ்டீன் அவருடைய கிடங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவரே எண்ணிப் பார்த்திருக்கலாம், ஆள் தேடி வானத்துக்குப் போகும் செலவு மிச்சமாகியிருக்கும்.

2021 ஜூலை 20-ஆம் தேதி அவர் பத்து நிமிடம் மேலே போய்விட்டு வந்தார். கௌபாய் தொப்பியோடு மேடையேறி, அமேசான் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். இதற்கெல்லாம் பணம் கொடுத்தது அவர்கள்தானாம். விண்வெளிப் பொருளாதாரத்தைப் பற்றி இதுவரை வந்த பேச்சுகளில் உண்மையான பேச்சு இது ஒன்றுதான். அதே ஆண்டு மார்ச்சில், டிரைவர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்கிறார்கள் என்ற புகாரை நிறுவனம் முதலில் கிண்டலடித்து மறுத்தது; ஆதாரங்கள் குவிந்ததும் ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2024-இன் கொடும் வெயிலில், டெல்லி அருகே மானேசர் கிடங்கில், லாரிச் சரக்கு இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போகமாட்டோம் என்று தங்களிடம் உறுதிமொழி வாங்கியதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே வழக்கு எடுத்தது. துரதிர்ஷ்டவசமான தனிச் சம்பவம் என்றது நிறுவனம். அமெரிக்க வருமானவரி ஆவணங்களைத் தோண்டி 2021-இல் புரோபப்ளிகா வெளியிட்ட செய்தியின்படி, 2007-இலும் 2011-இலும் பெசோஸ் கட்டிய மத்திய வருமான வரி சைபர். மஸ்க் 2018-இல் கட்டியது சைபர். சட்டத்துக்கு உட்பட்ட சைபர்தான், அதுதான் எரிகிறது. சந்திரனில் இறங்கும் வண்டி செய்ய நாசா, அதாவது வரி கட்டிய அமெரிக்கர்கள், 2021-இல் மஸ்க்கின் நிறுவனத்துக்கு 290 கோடி டாலரும் 2023-இல் பெசோஸின் நிறுவனத்துக்கு 340 கோடி டாலரும் ஒதுக்கினார்கள். ஒன்றுமே கட்டாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே மொய் எழுதுகிறது, பந்தியில் மட்டும் இடம் இல்லை.

அப்படியென்றால் விண்வெளியால் ஏழைக்கு ஒன்றுமே இல்லையா என்று ஒருவர் சட்டையைப் பிடிப்பார். இருக்கிறது. 1999-இல் ஒடிசாவைச் சூறையாடிய புயலில் பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013-இல் அதே கடற்கரைக்கு வந்த பைலின் புயலில் சாவு சில பத்துகளோடு நின்றது. மேலே சுற்றிய செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னது, கீழே அரசு லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியது. அந்தச் செயற்கைக்கோளில் யாரும் குடியிருக்கவில்லை. அது ஜனங்களின் சொத்து. 2017-இல் ஒக்கி வந்தபோது என்ன நடந்தது? புயல் என்ற எச்சரிக்கை வெளிவந்தபோது கன்னியாகுமரி ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள்; அவர்கள் காதுக்குச் சேதி கொண்டுபோக வழி இல்லை. குமரியிலும் திருவனந்தபுரத்திலும் நூற்றுக்கணக்கில் போனார்கள். அதற்குப் பிறகுதான் இஸ்ரோ செய்த கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் வந்தது. மதிப்பீடு 364 கோடி ரூபாய். பெசோஸ் போன அந்தப் பத்து நிமிடச் சவாரியில் ஒரு இருக்கையை ஏலம் விட்டார்கள், 2.8 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கு மேல். ஐம்பதாயிரம் படகுகளுக்கான காசு. ஏலம் எடுத்தவர் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று வரவில்லை. பணம் தர்மத்துக்குத்தான் போனது, குறை சொல்லக்கூடாது. பெசோஸின் நிறுவனம் நடத்தும் அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து விண்வெளிக் கனவு வளர்க்கும் சங்கங்களுக்குப் பிரிந்தது.

இந்தக் கனவுக்கு ஒரு யோக்கியமான தகப்பனும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ’நீல். பெசோஸ் பின்னாளில் படித்தது அதே பல்கலைக்கழகத்தில்தான். 1974-இல், எண்ணெய் விலை ஏறி உலகமே மூச்சுத்திணறிய நேரத்தில், ஓ’நீல் ஒரு கட்டுரை எழுதினார். விண்வெளியில் ஊர் கட்டலாம் என்றார். அங்கே சூரிய மின்நிலையங்கள் செய்யலாம், மின்சாரத்தை நுண்ணலையாக்கிப் பூமிக்கு அனுப்பலாம், ஏழை நாட்டுக்கும் மலிவாக விளக்கெரியும் என்று பிறகு சேர்த்துக்கொண்டார். 1975-இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து, பத்தாயிரம் பேர் வாழும் ஒரு சக்கரத்துக்கு வரைபடமே போட்டார்கள். மனிதர் மனதாரச் சொன்னார் என்றே நம்புகிறேன். அவருடைய யோசனையை வளர்க்க ரசிகர்கள் சேர்ந்து 1975-இல் ‘எல்-5 சொசைட்டி’ என்று சங்கம் வைத்தார்கள். விண்வெளிக் குடியேற்றத்தால் மனிதகுலம் முழுமைக்கும் நன்மை என்பதுதான் சங்கத்தின் பேச்சு.

அந்தச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? 1979-இல் ஐ.நா. சபை சந்திர ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. சந்திரனிலும் மற்றக் கிரகங்களிலும் உள்ள வளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து. தோண்டி எடுத்தால் பயனை நியாயமாகப் பகிர வேண்டும். வளரும் நாடுகளின் தேவையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அதில் எழுத்திலேயே இருந்தது. சங்கத்துக்காரர்கள் மேடையில் பேசிவந்ததைத்தான் ஐ.நா. தாளில் எழுதியிருந்தது. பால் பாயசம் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? அதை ஒழித்துக்கட்ட வாஷிங்டனில் சம்பளத்துக்கு ஒரு தரகரை அமர்த்தினார்கள். செனட்டர்களுக்குக் கடிதம் பறந்தது. அமெரிக்கா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. சங்கம் அதைத் தன் பெரும் சாதனையாகக் கொண்டாடியது. பிறகு 2015-இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது: விண்ணில் தோண்டுகிற அமெரிக்கனுக்கே தோண்டியது சொந்தம். 2017-இல் லக்சம்பர்க்கும் அதே வழியில் வந்தது. 2020-இல் ஆர்டெமிஸ் உடன்பாடுகள் வந்தன. அவற்றின்படி தோண்டி எடுப்பது ஆக்கிரமிப்பு ஆகாது. சந்திர ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த சவூதி அரேபியா விலகல் கடிதம் கொடுத்து 2024 ஜனவரியில் வெளியேறிவிட்டது.

நம் நாடு 1982-லேயே சந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. போட்டதோடு சரி, நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் உறுதிசெய்யவில்லை. எத்தனையோ ஆட்சி மாறிற்று, ஒரு கட்சிக்கும் அந்தக் கோப்பைத் தூசு தட்ட நேரம் கிடைக்கவில்லை. ஏழை நாட்டுக்கும் பங்கு என்று எழுதியிருந்த தாள் அது. தோண்டுகிறவனுக்குத் தோது செய்யும் ஆர்டெமிஸ் தாளுக்கோ, 2023 ஜூனில் பிரதமரின் அமெரிக்கப் பயணத்தின்போது சட்டென்று கையெழுத்து விழுந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு நாள் வாதம் உண்டா, பத்திரிகையில் ஒரு வாரம் சண்டை உண்டா? விருந்துப் படங்களைத்தான் பார்த்தோம். கங்காணியாவது எழுதப் படிக்கத் தெரியாதவனின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் கடன் தாளில் ஒற்றியெடுத்தான். நம்மிடம் விரலைக்கூட யாரும் கேட்கவில்லை.